மீட்டர் பச்சையில், குரல் மட்டும் கரகரப்பு

தெரிந்த பாடகி ஒருவர் வீட்டிலேயே பாடிப் பதிவுசெய்த குரலை டிரைவ் லிங்க்காக அனுப்பியிருந்தார். நல்ல குரல், நல்ல மைக், ஐந்து கட்டை சுருதி. கீழ் ஸ்தாயியில் பாடும் வரை ஒரு குறையும் இல்லை. சரணத்தில் மேல் ஷட்ஜத்தைத் தொட்டு நிற்கும் இடத்தில் மட்டும் மணலை மென்றது போல ஒரு கரகரப்பு. மீட்டரைப் பார்த்தேன். உச்சம் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டவே இல்லை. சிவப்பு விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை. கிளிப் ஆகவே இல்லை, அதாவது அளவு மீறி அலையின் உச்சி வெட்டுப்படவே இல்லை என்று மீட்டர் சத்தியம் செய்கிறது, காது ஒப்புக்கொள்ள மறுக்கிறது.

டிராக்கில், ஒலி அலையின் வடிவத்தைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் பிளக்-இன் ஒன்றைப் போட்டு, கரகரக்கும் இடத்தில் திரையை நிறுத்தினேன். ஐந்து கட்டையில் மேல் ஷட்ஜம் ஏறக்குறைய 392 ஹெர்ட்ஸ்; அலையின் ஒரு சுற்றுக்கு இரண்டரை மில்லிசெகண்ட். அந்தச் சுற்று திரை முழுக்கத் தெரியும்படி பெரிதாக்கினால், மலைபோல் எழும்பி வந்த கோடு உச்சிக்குப் போகாமல், தோசைக்கல்லில் ஓடியது போலக் கொஞ்ச தூரம் தட்டையாகப் போய்விட்டு இறங்கியது. கீழ்ப்பக்கமும் அதே கதை. தட்டை விழுந்த உயரம் ஒவ்வொரு சுற்றிலும் அச்சடித்தாற்போல் 0.5.

முழு அளவை 1 என்று வைத்தால் 0.5 என்பது மைனஸ் 6 டெசிபெல். போன் செய்து கேட்டேன். "ஆமாண்ணா, ரொம்ப சத்தமா இருந்துச்சு. அதான் பாதியா குறைச்சு அனுப்பினேன்" என்றார். பதிவாகும்போதே உச்சி வெட்டுப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகு ஃபேடரைக் குறைத்தால் வெட்டுப்பட்ட மலை சின்னதாகும், அவ்வளவுதான். உச்சி திரும்ப முளைக்காது. மீட்டருக்கு உயரம் மட்டுமே தெரியும். வடிவத்தைப் பார்க்க ஸ்கோப்தான் வேண்டும்.

இதே ஃபைலை அவர் எம்.பி.3 ஆகச் சுருக்கி அனுப்பியிருந்தால் இவ்வளவு சுலபமாகக் கண்டுபிடித்திருக்க மாட்டேன். சுருக்கும்போது அலையின் வடிவம் கொஞ்சம் மாறும், தட்டை உச்சி மேடும் பள்ளமுமாகிவிடும். லோ-கட் ஃபில்டர் (தாழ்ந்த அலைவெண்களை வெட்டுவது) போட்டாலும் தட்டை சாய்ந்துபோகும். ஆகவே தட்டை தெரிந்தால் கிளிப் என்று அநேகமாகச் சொல்லிவிடலாம். தெரியவில்லை என்பதால் கிளிப் ஆகவில்லை என்று சொல்ல முடியாது.

சி.ஆர்.ஓ.வின் பேரன்

பாலிடெக்னிக்கிலோ பொறியியல் கல்லூரியிலோ எலக்ட்ரானிக்ஸ் ஆய்வகம் பார்த்தவர்களுக்கு சி.ஆர்.ஓ. (கேதோடு ரே ஆசிலோஸ்கோப்) ஞாபகம் இருக்கும். பச்சைக் கோடு ஓடும் கனமான பெட்டி. பாடப்புத்தகத் தமிழில் அலைவுகாட்டி என்று ஏதாவது இருக்கும். வேலை செய்கிறவர்கள் ஸ்கோப் என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அதன் மூலக் குழாயை 1897இல் உருவாக்கியவர் ஜெர்மானிய இயற்பியலாளர் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன். எலக்ட்ரான் கற்றையை ஒளிரும் திரையில் பாய்ச்சி, மின்னோட்டம் ஏறி இறங்குவதற்கேற்ப ஒளிப்புள்ளியை ஏறி இறங்க வைத்தார்.

மென்பொருள் ஸ்கோப்பில் குழாயும் இல்லை, கற்றையும் இல்லை. மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸ் வினாடிக்கு 48,000 முறை அலையின் உயரத்தை அளந்து எண்ணாகத் தருகிறது. சாம்பிள் எனப்படும் அந்த எண்களைப் புள்ளிகளாக வைத்துக் கோடு போடுகிறது நிரல். குறுக்கே நேரம், நெடுக்கே உயரம். எஃப்.எல். ஸ்டுடியோவில் வேவ் கேண்டி என்ற பெயரில் கூடவே வருகிறது. மெல்டா புரொடக்ஷனின் இலவசத் தொகுப்பில் எம்-ஆசிலோஸ்கோப் இருக்கிறது. சிக்னலைசர் என்ற இலவச பிளக்-இன் இன்னும் கொஞ்சம் கனமான ஆள். தொடங்குவதற்கு எது கிடைத்தாலும் சரி.

"டிராக்கிலேயே அலை தெரிகிறதே, அப்புறம் எதற்கு இது?" என்று புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். டிராக்கில் தெரிவது பதிவான ஃபைலின் படம். நீங்கள் மேலே போட்ட ஈக்யூ (அலைவெண் வாரியாகக் கூட்டிக் குறைப்பது), கம்ப்ரஸர் (சத்தமான இடங்களை அமுக்குவது), லிமிட்டர் (உச்சத்துக்கு வரம்பு கட்டுவது) எதுவும் அதில் தெரியாது. ஸ்கோப்பை எந்த பிளக்-இன்னுக்கு அடுத்து வைக்கிறீர்களோ, அந்த இடத்தில் இப்போது போய்க்கொண்டிருக்கும் ஒலியைக் காட்டும். கம்ப்ரஸருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு வைத்தால், அது என்ன செய்கிறது என்பதைக் கண்முன்னே பார்க்கலாம். பெரிய வேறுபாடு இன்னொன்று: ஓடும் அலையை நிற்க வைக்க ஸ்கோப்பால் முடியும்.

மூன்றே குமிழ்கள்

முதல் குமிழ் நேரம். திரையின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை எத்தனை மில்லிசெகண்ட் என்பதை இது முடிவு செய்யும். 1,000 ஹெர்ட்ஸ் சைன் அலையின் ஒரு சுற்றுக்கு 1 மில்லிசெகண்ட் ஆகிறது. ஆகவே 5 மில்லிசெகண்ட் திரையில் ஐந்து சுற்று தெரியும். 50 ஹெர்ட்ஸ் அலைக்கு ஒரு சுற்றே 20 மில்லிசெகண்ட். அதே திரையில் அதன் கால்வாசிதான் தெரியும், வெறும் சாய்கோடு மாதிரி இருக்கும். பார்க்க விரும்பும் ஒலிக்கு ஏற்ப ஜன்னலைத் திறப்பதுதான் பாதி வேலை. குரலுக்கு 10, கிக் டிரம்முக்கு 200 என்று நான் ஆரம்பிப்பேன்.

இரண்டாவது, உயரம். இதைத் திருகினால் படம்தான் பெரிதாகும், ஒலி மாறாது. மெல்லிய இரைச்சலைப் பார்க்க பத்து மடங்கு, நூறு மடங்கு பெருக்கிக்கொள்ளலாம். பெருக்கியதை மறந்துவிட்டு "ஐயோ கிளிப் ஆகிறதே" என்று பதறுவது எல்லாரும் ஒருமுறை செய்கிற தப்பு.

மூன்றாவதான டிரிகர்தான் பலருக்குப் பிடிபடுவதில்லை. இது இல்லையென்றால் திரை புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அலை வேறு வேறு இடத்தில் தொடங்கும். கோடு பாம்பாக நெளிந்து ஓடும், ஒன்றும் பிடிபடாது. ஊஞ்சலில் ஆடும் குழந்தையைப் படம் எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கைக்கு வந்த நேரத்தில் கிளிக் செய்தால் ஒவ்வொரு படத்திலும் ஊஞ்சல் வேறு இடத்தில் இருக்கும். "ஊஞ்சல் நடுவைத் தாண்டி முன்னால் வரும்போது மட்டும்" என்று விதி வைத்துக்கொண்டு எடுத்தால் எல்லாப் படமும் ஒரே மாதிரி இருக்கும். அடுக்கி வைத்துப் பார்த்தால் ஊஞ்சல் அசையாமல் நிற்பது போலத் தோன்றும். டிரிகர் செய்வது இதைத்தான். நடு என்பது டிரிகர் லெவல். முன்னால் வரும்போது என்பது ஏறுமுகம். பின்னால் போகும்போது என்று வைத்தால் இறங்குமுகம். 1947இல் டெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த 511 என்ற ஸ்கோப் பேர் வாங்கியதற்கு, அலையை இப்படிக் கட்டி நிறுத்தியது ஒரு முக்கிய காரணம்.

ஒரு மாலை உட்கார்ந்து, டோன் ஜெனரேட்டரில் சைன், ஸ்கொயர், ஸா-டூத் என்று மாற்றி மாற்றி ஓடவிட்டு இந்த மூன்று குமிழ்களையும் திருகிப் பாருங்கள். அப்புறம் சொந்தக் குரலில் "ஆ", "ஈ", "ஊ" என்று இழுங்கள். "ஊ" கிட்டத்தட்ட வழவழப்பாக இருக்கும். "ஈ" சொன்னால் பெரிய அலையின் முதுகில் சின்னச் சின்ன அலைகள் சவாரி செய்யும். கூடவே இன்னொன்றும் கண்ணில் படலாம்: மேல்பக்கம் உயரமாகவும் கீழ்ப்பக்கம் குட்டையாகவும், அல்லது தலைகீழாக. மைக் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். மனிதக் குரல் பல நேரம் அப்படித்தான் ஒருபக்கம் சாய்ந்திருக்கும். யாரும் பாடாதபோதும் நடுக்கோடு பூஜ்யத்தில் நிற்காமல் ஒரு பக்கம் விலகி நின்றால் அது வேறு விஷயம். அதற்கு டி.சி. ஆஃப்செட் என்று பெயர், லோ-கட் போட்டால் போய்விடும்.

மிருதங்கத்துக்கு இரண்டு மைக்

ஸ்கோப் எனக்கு அதிகம் சம்பாதித்துக் கொடுத்தது இந்த இடத்தில்தான். மிருதங்கத்துக்கு வலந்தலை எனப்படும் வலது முகத்தின் பக்கம் ஒரு மைக், தொப்பி எனப்படும் இடது முகத்தின் பக்கம் ஒரு மைக் வைப்பது வழக்கம். தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் பிரமாதம். சேர்த்து மோனோவில், அதாவது ஒரே சேனலாகக் கலந்து, கேட்டால் தொப்பியின் "தொம்" வயிறு ஒட்டிப்போன மாதிரி மெலிந்துவிடும். ஈக்யூவில் 80 ஹெர்ட்ஸைத் தூக்கு, 100ஐத் தூக்கு என்று மாரடித்தாலும் தேறாது.

காரணம் கருவியின் உடம்பிலேயே இருக்கிறது. தொப்பியில் அடிக்கும்போது அந்தத் தோல் உள்ளே போகிறது. அதாவது தொப்பி மைக்கிலிருந்து விலகிப் போகிறது. மைக்குக்குக் காற்று முதலில் பின்னால் இழுபடுகிறது. குடத்துக்குள் அடைபட்ட காற்று மறுமுனையில் வலந்தலைத் தோலை வெளியே தள்ளுகிறது. அங்கிருக்கும் மைக்குக்குக் காற்று முதலில் முன்னால் தள்ளப்படுகிறது. ஒன்று இழுக்க, ஒன்று தள்ள, இரண்டையும் கூட்டினால் அடிக்கனம் ஒன்றையொன்று தின்றுவிடுகிறது.

பார்ப்பது சுலபம். இரண்டு டிராக்கையும் ஒரு ஸ்டீரியோ பஸ்ஸுக்கு (பல டிராக்குகள் சேரும் தடம்) அனுப்பி, ஒன்றை முழுக்க இடதுக்கும் மற்றதை முழுக்க வலதுக்கும் தள்ளுங்கள். பஸ்ஸில் ஸ்கோப்பைப் போட்டு இடது, வலதைத் தனித்தனி நிறத்தில் வையுங்கள். ஜன்னல் 50 மில்லிசெகண்ட். இடதில் டிரிகர் வைத்து ஒரு "தொம்" வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு கோடு முதலில் கீழே குதிக்கும், மற்றது மேலே எழும். ஒரு டிராக்கில் அலையைத் தலைகீழாக்கும் போலாரிட்டி பொத்தானை, அதாவது குறுக்குக்கோடு போட்ட வட்டத்தை, அழுத்துங்கள். இரண்டும் ஒரே பக்கம் சாயும், "தொம்" திரும்பி வரும். வலந்தலையில் அடித்தாலும் கணக்கு இதேபோலத்தான், பக்கம் மட்டும் மாறும். ஆகவே ஒரு தலைகீழ் இரண்டு கைக்கும் உதவுகிறது. தவிலுக்கும் இந்த வழியில் பார்த்துக்கொள்ளலாம். மைக் கேபிளின் பிளக்கில் 2ஆம் பின்னும் 3ஆம் பின்னும் மாற்றிப் பற்றவைக்கப்பட்டிருந்தாலும் அலை தலைகீழாகும் என்பதால், ஸ்கோப் காட்டுவதைப் பார்த்துவிட்டு, மோனோவில் கேட்டு முடிவெடுங்கள்.

தலைகீழாவது வேறு, தாமதம் வேறு. புதியவர்கள் இரண்டையும் ஃபேஸ் என்ற ஒரே பெயரில் போட்டுக் குழப்புவார்கள். கித்தாரில் பிக்கப் கேபிளும் மைக்கும் சேர்த்துப் பதிவு செய்தால், கேபிள் வழி வருவது முதலில் வந்து சேரும். மைக் வழி வருவது காற்றில் நடந்து வரவேண்டும். ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகிறது, அதாவது 34 சென்டிமீட்டருக்கு 1 மில்லிசெகண்ட். மைக் அவ்வளவு தள்ளி இருந்தால் ஸ்கோப்பில் இரண்டாவது கோட்டின் முதல் மேடு 1 மில்லிசெகண்ட் பிந்தி எழும். அந்தத் தாமதத்தோடு கூட்டினால் 500, 1,500, 2,500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகப் பள்ளம் விழும். பொத்தானை அழுத்தித் தலைகீழாக்கினால் பள்ளங்கள் இடம் மாறும், போகாது. மைக் டிராக்கை 48 சாம்பிள் முன்னால் இழுப்பதுதான் மருந்து.

அறைக்குள் யாரோ முனகுகிறார்கள்

யாரும் பாடாதபோது ப்ரீஆம்ப் கெயினை, அதாவது மைக் ஒலியைப் பெருக்கும் அளவை, ஏற்றி, ஸ்கோப்பின் உயரத்தை நூறு மடங்கு பெருக்கி, ஜன்னலை 100 மில்லிசெகண்டுக்கு வையுங்கள். உங்கள் அறையின் மின்சாரம் அங்கே தெரியும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 100 மில்லிசெகண்டில் ஐந்து சுற்று. (அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், அங்கிருந்து வந்த ஃபைலில் உறுமல் இருந்தால் ஆறு சுற்று தெரியும்.)

சுற்றின் வடிவம்தான் குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும். வழவழப்பான ஐந்து மேடு என்றால், ஏதோ டிரான்ஸ்ஃபார்மர் கேபிளுக்கோ கித்தார் பிக்கப்புக்கோ பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. கேபிளைக் கையால் நகர்த்திக்கொண்டே திரையைப் பாருங்கள், மேடு குறையும் திசை தெரியும். வழவழப்பில்லாமல் 10 மில்லிசெகண்டுக்கு ஒன்றாகப் பத்து ஊசி குத்தி நின்றால் லைட் டிம்மரையும் ஃபேன் ரெகுலேட்டரையும் சந்தேகியுங்கள். வேகத்தைச் சீராக ஏற்றி இறக்கும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் மின்சாரத்தின் ஒவ்வொரு அரைச்சுற்றையும் நடுவில் வெட்டுகிறது. வெட்டும்போதெல்லாம் ஒரு ஊசி. எங்கள் இடத்தில் அது பக்கத்து அறை ஃபேன். மைக்கை மாற்றினோம், கேபிளை மாற்றினோம், இன்டர்ஃபேஸையே மாற்றப் பார்த்தோம். கடைசியில் ஒருவரை ஸ்விட்ச் போர்டுப் பக்கம் நிறுத்தி ஒவ்வொன்றாக அணைக்கச் சொல்லிவிட்டு நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "இதா? இதா?" என்று குரல் வந்துகொண்டே இருந்தது. நான்காவது ஸ்விட்சில் ஊசிகள் காணாமல் போயின.

லேப்டாப் சார்ஜரையும் இப்படியே கழற்றிப் பார்க்கலாம். காதால் கேட்டு "குறைஞ்ச மாதிரி இருக்கு" என்று சொல்வதைவிடக் கண்முன் கோடு விழுவதைப் பார்ப்பது நிச்சயம்.

கிக்கும் பேஸும் இடித்துக்கொள்ளும் தகராறுக்கும் இந்தக் கருவி உதவும். நிமிடத்துக்கு 120 அடி தாளம் என்றால் ஓர் அடி 500 மில்லிசெகண்ட். ஜன்னலை அந்த அளவுக்கு வைத்து, கிக்கில் டிரிகர் செய்தால், கிக் அடிக்கும்போதெல்லாம் பேஸைக் குறைக்கும் சைட்-செயின் கம்ப்ரஸர் அதை எவ்வளவு நேரம் அமுக்குகிறது, எப்போது விடுகிறது என்பது குழிபோலத் தெரியும். அமுக்கியதை விடும் வேகத்தை மாற்றும் ரிலீஸ் குமிழைத் திருகினால் குழியின் கரை நகரும்.

இடதை வலதோடு மோத விட்டால்

பெரும்பாலான ஸ்கோப்புகளில் எக்ஸ்-ஒய் என்று ஒரு நிலை உண்டு. நேரத்தை விட்டுவிட்டு, இடது ஒலியைக் குறுக்கேயும் வலது ஒலியை நெடுக்கேயும் வரையும். 1857இல் பிரான்சின் ழூல் லிஸ்ஸாஜூ, இசைக்கவைகளில் கண்ணாடி ஒட்டி ஒளியைத் தெறிக்க விட்டு வரைந்த உருவங்களின் தொடர்ச்சி இது. இரண்டு பக்கமும் ஒரே ஒலி என்றால் இடது கீழிருந்து வலது மேலுக்கு ஒரே சாய்கோடு. ஒரு பக்கம் தலைகீழ் என்றால் எதிர்ச்சாய்வு. கால் சுற்று விலகிய சைன் என்றால் வட்டம். நல்ல ஸ்டீரியோ கலவை, சாய்கோட்டைச் சுற்றிக் கட்டிய நூல்கண்டு போல இருக்கும். வெக்டர்ஸ்கோப் என்பது இதையே 45 டிகிரி திருப்பி, மோனோவை நிமிர்த்தி நிறுத்தும் ஏற்பாடு. நூல்கண்டு எதிர்ப்பக்கம் படுத்துவிட்டால், ஹெட்போனில் அகல அகலமாகக் கேட்கும் பாட்டு திருவிழாக் கூம்பு ஸ்பீக்கரில் பாதி காணாமல் போகும்.

கண்ணை நம்பிக் கெட்ட இடங்கள்

48,000 சாம்பிளில் 12,000 ஹெர்ட்ஸ் சைன் அலைக்கு ஒரு சுற்றுக்கு நான்கே புள்ளிகள். அவை 0.7, 0.7, மைனஸ் 0.7, மைனஸ் 0.7 என்று விழுந்தால், புள்ளிகளை நேர்கோட்டால் இணைக்கும் ஸ்கோப் தட்டை உச்சியைக் காட்டும். முதலில் சொன்ன பாடகியின் குரலைப் போலவே! உண்மையில் அது சுத்தமான சைன். புள்ளிகளுக்கு நடுவே 1 வரை உயர்ந்து இறங்குகிறது, காட்டப்படுவதைவிட 3 டெசிபெல் அதிகம். ட்ரூ பீக் மீட்டர் என்று தனியாக ஒன்று இருப்பது இதற்காகத்தான். இப்படி மிக உயர்ந்த அலைவெண் ஒலிகளில் ஸ்கோப் காட்டும் கோணல் மாணல் வடிவத்தை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு ஒலிகள் முற்றிலும் வேறு வடிவத்தில் தெரியவும் கூடும். ஸ்கொயர் அலையை, எந்த அலைவெண்ணின் அளவையும் மாற்றாமல் நேரத்தை மட்டும் நகர்த்தும் ஆல்-பாஸ் ஃபில்டர் வழியாக விட்டால் சதுரம் உருக்குலைந்து போகும். காதுக்குப் பெரும்பாலும் பழைய ஒலியே. அழகான வடிவம் வரும் வரை ஈக்யூவைத் திருகுவது வெட்டி வேலை.

கடைசியாக, வெளிக்கருவிகளை அளப்பது. பழைய ப்ரீஆம்ப், எஃபெக்ட் பெடல் இவற்றின் வெளியீட்டை இன்டர்ஃபேஸின் லைன் இன்புட்டில் கொடுத்து ஸ்கோப்பில் பார்க்கலாம். பவர் ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 100 வாட் என்றால் அங்கே 28 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது. ஸ்டுடியோ லைன் லெவலோ சுமார் 1.23 வோல்ட். வீட்டு மின்சாரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், பக்கத்தில்கூட போகக்கூடாது.

திரையின் 0.5க்கு எத்தனை வோல்ட் என்று தெரிய, இன்டர்ஃபேஸிலிருந்து 100 ஹெர்ட்ஸ் சைன் ஒன்றை வெளியே விட்டு, அதையே லைன் இன்புட்டுக்குக் கேபிளில் திருப்பிக் கொடுங்கள். 1,000 ஹெர்ட்ஸ் வேண்டாம். மலிவு மல்டிமீட்டர்கள் மின்சார அலைவெண்ணுக்குப் பக்கத்தில்தான் சரியாகக் காட்டும். கேபிள் முனையில் மல்டிமீட்டர் ஏ.சி. 1 வோல்ட் காட்டினால் உச்சம் 1.41 வோல்ட். அப்போது ஸ்கோப்பில் உச்சம் 0.4 என்றால், முழு அளவான 1 என்பது சுமார் 3.5 வோல்ட். அந்த எண்ணை ஒரு துண்டு டேப்பில் எழுதி இன்டர்ஃபேஸின் நெற்றியில் ஒட்டிவிடுங்கள். கெயின் குமிழ் நின்ற இடத்திலும் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவையுங்கள். யாராவது அதைத் திருகிவிட்டால் டேப்பில் உள்ள எண் செல்லாது, மறுபடி அளக்க வேண்டும்.